ஒரே ஜன்னல், ஒரே திரை: ஃபேஷன் போட்டோவில் உங்கள் பாணியைக் கண்டுபிடிக்க

நான் யாரிடமும் உதவியாளராக இருந்து தொழில் கற்றவன் இல்லை. முதல் வருடம், பிடித்த படத்தையெல்லாம் அப்படியே எடுத்துப் பழகினேன். பத்துப் படங்களை வரிசையாக வைத்தால் பத்துப் பேர் எடுத்த மாதிரி இருக்கும். கையில் இருப்பதைக் குறைத்த பிறகுதான் அது மாறியது.

முதல் படி: மூன்று மாதத்துக்கு ஒரு லென்ஸ், ஒரு ஜன்னல், ஒரு திரை

50 மி.மீ. லென்ஸ் போதும். மாடலுக்குப் பின்னால் தொங்கும் திரைக்குச் சாம்பல் நிறத் துணி. அமெரிக்க போட்டோகிராஃபர் இர்விங் பென் 1950இல் பாரிஸில் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காகப் படம் எடுத்தபோது, பழைய நாடகத் திரைச்சீலை ஒன்றைத்தான் பின்னால் தொங்கவிட்டார். வெளிச்சம் ஜன்னல் வழியே வந்தது. அந்தத் திரையைப் பல பத்தாண்டுகள் கூடவே வைத்திருந்தார்.

இரண்டாவது: வெளிச்சத்தோடு பழகுங்கள்

அதிக நேரம் இதற்கே கொடுங்கள். நேர்வெயில் விழாது என்பதால் வடக்கு ஜன்னல் நல்லது என்பார்கள். சென்னையில் அது வருடம் முழுக்கச் சரிவராது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில்கூடச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். காலையும் மாலையும் வெயில் சாய்ந்து உள்ளே வரும். அப்போது வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுங்கள்.

ஒரு காஞ்சிப் பட்டோடு தொடங்கலாம். மாடல் ஜன்னலை நேராகப் பார்த்து நின்றால் புடவை தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் திருப்பி, அரை அடி முன்னே பின்னே நகரச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் சரிகை பொன்னாக மின்னும், கொசுவ மடிப்பு ஒவ்வொன்றிலும் நிழல் இறங்கும். அங்கே தரையில் டேப் ஒட்டுங்கள். அப்புறம் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் வைத்து ஒரு படம், கறுப்புத் துணி வைத்து ஒரு படம். முன்னதில் நிழல் வெளுக்கும், பின்னதில் அடர்த்தியாகும். எது பிடிக்கிறது என்று எழுதி வையுங்கள். எனக்கு எப்போதும் கறுப்புத் துணிதான்.

கேமரா தானாகத் திருத்தாமல் பதிவுசெய்யும் ரா ஃபைலில் எடுங்கள். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வின் மாதிரி ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது: தரையில் பரப்பிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை 30 படங்களைச் சின்ன பிரிண்டாகப் போட்டு, கண் திரும்பத் திரும்பப் போகிற பத்தை எடுங்கள். எத்தனை லைக் வந்தது என்று பார்க்க வேண்டாம். ஏன் பிடித்தது என்று பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள். நான் அப்படிச் செய்தபோது பத்தில் ஏழு ஒரே மாதிரி இருந்தன: "சரி, முடிஞ்சது" என்று சொன்னதும் மாடல் மூச்சு விட்டு, குனிந்து முந்தானையைச் சரிசெய்யும் நொடி. இப்போதெல்லாம் அதற்குப் பிறகும் எடுப்பேன் என்று முன்கூட்டியே மாடலிடம் சொல்லிவிட்டு, பத்துப் படமாவது கூடுதலாக எடுக்கிறேன்.

நான்காவது: நிறம்

எடிட்டிங்கில் தோலை வெளுக்காதீர்கள். அரக்குப் பட்டு ஆரஞ்சாக மாறிவிட்டால், நெய்தவர் தேர்ந்தெடுத்த நிறமே போய்விடுகிறது. இந்த இரண்டிலும் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது.

ஐந்தாவது: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

மூன்று மாதம் கழித்து, அதே லென்ஸையும் திரையையும் விடிகாலை மொட்டைமாடிக்கு எடுத்துப் போங்கள். துணியை மடிக்காமல் குழாயில் சுருட்டி எடுத்துப் போங்கள். மடிப்புக்கோடு விழுந்தால் படத்தில் அப்படியே தெரியும்.