இரு அணிகளிலும் சேராமல் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திமுக, அதிமுக தலைமையிலான அணிகள் எதிலும் சேராமல், சிறிய கட்சியொன்றின் சார்பிலோ சுயேச்சையாகவோ வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்பவர்கள் தோற்றுப்போவதற்குப் பணமின்மையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பணம் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், ஒரு பேரூராட்சி வார்டில் அப்படி நின்ற ஒருவருக்கு முகவராக இருந்து, மனுத்தாக்கல் முதல் வாக்கு எண்ணிக்கை வரை உடன் நின்று பார்த்த பிறகு, செலவில்லாமல் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளாலேயே நாங்கள் அதிகம் இழந்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதல் தவறு, வார்டைச் சிறிய சட்டமன்றத் தொகுதியாக எண்ணிக்கொள்வது. சட்டமன்றத் தொகுதியில் பெரும்பாலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருப்பார்கள்; பேரூராட்சி வார்டுகள் பலவற்றில் ஆயிரம் பேர்கூட இருப்பதில்லை. 900 வாக்காளர்கள் உள்ள ஒரு வார்டில் 720 வாக்குகள் பதிவாகி, நான்கு பேர் களத்தில் இருந்தால், 250 வாக்குகள் பெறுபவர் வெற்றி பெறும் வாய்ப்பு உண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் காப்புத்தொகை (டெபாசிட்) திரும்பக் கிடைக்கும் என்பதால், 120 வாக்குகளைத் தாண்டினாலே அந்த மானம் தப்பும். 250 வாக்கு என்பது ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு வீடுகள். அந்த வீடுகளைப் பெயர் சொல்லி எழுதிவிட முடியும். அப்படியிருக்க, ஒலிபெருக்கி கட்டிய வண்டிக்கும், கட்சித் தலைவரின் படம் போட்ட பதாகைக்கும் இருக்கிற காசையெல்லாம் செலவழித்துவிட்டு, வீடுகளுக்குள் போவதற்கு நாள் போதவில்லை என்று கடைசியில் வருந்துகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெருநகரங்களின் நிலை வேறு. 2022இல் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கள் இருந்தார்கள்; அங்கே தனி ஒருவர் எல்லா வீட்டையும் தொட முடியாது. ஆனால் 2022இல் அங்கே நூற்றுக்கு 44 பேர்கூட வாக்களிக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாக்குச்சாவடிக்கு வராதவர்களை வரவழைப்பது, ஏற்கெனவே ஓர் அணிக்கு என்று முடிவுசெய்துவிட்டவரின் மனத்தை மாற்றுவதைவிட எளிது.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடிப்படை வாக்காளர் பட்டியல்தான். அதை மிகத் தாமதமாகக் கையில் எடுப்பதுதான் நான் கண்டவற்றுள் பெரிய தவறு. உள்ளாட்சிக்கான பட்டியல், சட்டமன்றப் பட்டியலிலிருந்து வார்டு வாரியாகப் பிரித்து எடுக்கப்படுவது. வார்டு எல்லைகளை மறுவரையறை செய்யும்போது ஒரே தெருவின் இடப்பக்கம் ஒரு வார்டிலும் வலப்பக்கம் இன்னொரு வார்டிலும் போய்விடுவது உண்டு. எங்கள் வேட்பாளர் பிரச்சாரத்தின் முதல் மூன்று நாட்கள், தமக்கு நன்கு பழக்கமான ஒரு சந்து முழுவதும் ஏறி இறங்கினார். நான்காம் நாள் இரவு பட்டியலை விரித்து வைத்துப் பேனாவால் குறித்துக்கொண்டு வந்தபோதுதான், அந்தச் சந்தின் பாதி வீடுகள் பக்கத்து வார்டில் இருப்பது தெரிந்தது. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே பட்டியலோடு தெருத் தெருவாக நடந்து, இறந்தவர், திருமணமாகிப் போனவர், வேலைக்காகத் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருப்பவர், பதினெட்டு வயது நிரம்பியும் பெயர் சேர்க்காதவர் என்று ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் எதிரே குறித்து வைத்திருக்க வேண்டும். பெரிய கட்சிகளின் பூத் கமிட்டி இதைத்தான் ஆண்டு முழுவதும் செய்கிறது. அவர்களின் பலத்தைப் பணம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வேட்புமனுவைக் கடைசி நாளில் தாக்கல் செய்வது அடுத்த தவறு. 2022இல் மனுத்தாக்கல் ஜனவரி 28 தொடங்கிப் பிப்ரவரி 4 மாலை 5 மணியோடு முடிந்தது, மறுநாளே பரிசீலனை. முன்மொழிபவர் போட்டியிடும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புக்குச் செலுத்த வேண்டிய சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றில் நிலுவை இருக்கக் கூடாது. சொத்து, கடன், வழக்கு விவரங்களைத் தரும் உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாமல், இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கடைசி நாள் பிற்பகலில் அந்த அலுவலக வராந்தாவில் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மகளிருக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் நிற்க வந்திருந்த ஒரு பெண், முன்மொழிய அழைத்து வந்த தம் அண்ணியின் பெயர் வேறு வார்டில் இருப்பதை அலுவலர் சுட்டிக்காட்டியதும், கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஐந்து மணி ஆகிவிட்டது. ஓராண்டுக் காலம் குடிநீருக்காக மனு எழுதி அலைந்தவர் அவர். வாக்குச்சீட்டில் அவர் பெயர் வராமலே போனது.

சின்னத்தைப் பற்றிய அலட்சியமும் இதற்கு இணையானது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் சின்னம் பல பத்தாண்டுகளாக மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. சுயேச்சைக்கோ, மனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வெளியாகும் நாளில்தான் சின்னம் கிடைக்கிறது. 2022இல் அது பிப்ரவரி 7. பிரச்சாரம் முடிந்தது 17ஆம் தேதி மாலை. ஆக, சின்னத்தோடு வாக்குக் கேட்கப் பத்து நாட்களே இருந்தன. “உன்னைத் தெரியும்பா, உன் சின்னம் எதுன்னு சொல்லு” என்று ஒரு பாட்டி எங்கள் வேட்பாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கோடு கோடாக வரைந்தால் எது என்று விளங்காத பொருளைச் சின்னமாகக் கேட்டு வாங்கியிருந்தோம். துண்டறிக்கையில் சிறிதாக அச்சிட்டிருந்ததை அவரால் அடையாளம் காண முடியவில்லை. வீட்டில் அன்றாடம் புழங்கும், தூரத்திலிருந்தே தெரியும் பொருளை முதல் விருப்பமாக எழுதிக்கொடுப்பதே நல்லது. சின்னம் வருவதற்கு முந்தைய மாதங்களில் முகத்தையும் பெயரையும் பதிய வைத்து, அந்தப் பத்து நாட்களைச் சின்னத்துக்கென்றே ஒதுக்க வேண்டும்.

வாக்குறுதியில் நேரும் தவறு இதைவிட ஆழமானது. வார்டு உறுப்பினரால் டாஸ்மாக் கடையை மூட முடியாது. பட்டா வழங்க முடியாது. மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. அவற்றை மாநில அரசும், வருவாய்த் துறையும், மின்வாரியமும் கவனிக்கின்றன. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், குப்பை, சுடுகாட்டுப் பாதை, பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றைப் பற்றி மன்றக் கூட்டத்தில் கேள்வி கேட்கவும் தீர்மானம் கொண்டுவரவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு. மூன்றாவது தெருவின் கால்வாய் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது, அதன் தண்ணீர் யார் வீட்டு வாசலில் தேங்குகிறது என்று சொல்லத் தெரிந்த வேட்பாளரின் பேச்சை மக்கள் நின்று கேட்கிறார்கள். மாநில அரசியலைப் பேசத் தொடங்கினால் அவர்கள் தங்கள் பழைய கட்சிக்கே திரும்பிவிடுகிறார்கள், ஏனெனில் அந்தப் பேச்சில் பெரிய கட்சிகளே வல்லவர்கள்.

கிராம ஊராட்சியில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சி சார்பற்ற முறையில் தேர்தல் நடப்பதால், அணி சேராதவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் தலைவராகத் தனியே வென்றுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதையும், ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வழங்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே ஒப்பமிட வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஒத்த கருத்துள்ளவர்களை வார்டுகளில் நிறுத்தாமல் தலைவர் பதவியை மட்டும் பிடித்தவர், ஒவ்வொரு செலவுக்கும் எதிரணியின் கையொப்பத்துக்குக் காத்திருக்க நேரும்.

“நீ ஓட்டைப் பிரிக்க வந்தவன்” என்ற குற்றச்சாட்டு இரு தரப்பிலிருந்தும் வரும். இதற்குக் கோபப்பட்டு விவாதம் செய்வது வீண். போன தேர்தலில் அந்த வார்டில் வென்றவரும் தோற்றவரும் எத்தனை வாக்குகள் பெற்றார்கள், எத்தனை பேர் வரவே இல்லை என்ற எண்களை நிதானமாகச் சொன்னால், கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். இதனினும் கெடுதலானது வாக்காளரைத் திட்டுவது. பணம் வாங்குபவர்கள் என்று ஒரு தெருவையே பொதுமேடையில் குறை சொன்ன வேட்பாளருக்கு அந்தத் தெருவில் பணம் வாங்காதவர்களும் வாக்களிக்க மாட்டார்கள். பணம் கொடுப்பது குற்றம். நாம் கொடுக்கக் கூடாது. கொடுப்பவர்மீது சான்றோடு புகார் தர வேண்டும். ஆனால் அன்றைய கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தை அவமதிக்கும் உரிமை வேட்பாளருக்கு இல்லை. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

வாக்குப்பதிவு நாளில் எல்லா வாக்குச்சாவடிக்கும் முகவர் இல்லாமல் இருப்பது பலருக்கும் நேர்கிறது. நகர்ப்புறத் தேர்தலில், காலையில் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும்போதே முகவர் உள்ளே இருக்க வேண்டும். ஊரகத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என நான்கு சீட்டுகள் தரப்படுவதால் முதியவர்கள் குழம்புகிறார்கள். இரண்டு சின்னங்களுக்கு நடுவில் விழுந்த முத்திரையால் வாக்கு செல்லாததாகிறது. நம் சீட்டின் நிறத்தையும், சின்னத்தின் மீதே முத்திரை குத்த வேண்டும் என்பதையும் வீட்டிலேயே தாளில் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எண்ணும் மேசையில் ஐயம் எழுந்தால், முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்பே மறு எண்ணிக்கையை எழுத்துமூலம் கேட்க வேண்டும். அறிவித்துவிட்ட பின் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்வது ஒன்றே வழி, அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

தோற்றவர்கள் செய்யும் தவறு, மறுநாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவது. முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால் மூன்றாண்டுகளுக்குப் போட்டியிடும் தகுதி போய்விடும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவருக்கும் இது பொருந்தும். எங்கள் வேட்பாளர் தேநீர்க் கடைச் சீட்டு முதல் அச்சகப் பற்றுச்சீட்டு வரை ஒரு பழைய கல்யாணப் பையில் போட்டு வைத்திருந்தார். அவற்றைத் தேதி வாரியாக ஒட்டிக் கொடுத்துவிட்டு, அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், மூன்றாவது தெருக் கால்வாய் அடைப்பைப் பற்றிய மனுவைப் புதிய உறுப்பினரிடம் நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வந்தார்.