அவித்த முட்டையும் மலைநாட்டுக் குளிரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பல வீடுகளில் இரவு அவித்த முட்டை விடியும் வரை அடுப்படியிலேயே கிடக்கும். "இந்தக் குளிருக்கு என்ன ஆகப்போகுது?" என்ற நம்பிக்கைதான். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். நமக்கு அது கம்பளி கேட்கும் குளிர். கிருமிக்கு அது பெருகப் போதுமான சூடு. சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நெடுநேரம் இருக்கவே கூடாது. அடுப்பை விட்டு இறக்கி 2 மணித்தியாலத்துக்குள் முட்டை ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மலையிலும் இதே கணக்குத்தான்.

பச்சை முட்டை மட்டும் கடையில் வெளியே இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை இயற்கையான மெல்லிய படலம் ஒன்று அடைத்திருக்கும். அவிக்கும்போது அந்தக் காப்புப் போய்விடுகிறது.

இதனால்தான் முட்டையை ஆறவைக்கும் தண்ணீரும் முக்கியம். சூடான முட்டை குளிரும்போது உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே உள்ள தண்ணீரைத் துளைகள் வழியே இழுக்கும். மலை ஊற்றிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணி கண்ணாடி மாதிரித் தெரிந்தாலும் மேலே மாட்டுப்பட்டியோ, லயத்துக் கானோ (தோட்ட வீட்டு வரிசையின் கழிவு வாய்க்கால்) இருந்தால் அந்த அழுக்கும் சேர்ந்தே உள்ளே போகும். கொதித்தாறிய தண்ணீரில் 10 நிமிடம் போடுங்கள். பிறகு ஈரம் போகத் துடைத்து, ஓட்டோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஓட்டில் பென்சிலால் திகதி எழுதினால் பச்சை முட்டையோடு கலந்தும் போகாது. அவித்த அன்றிலிருந்து 7 நாள், அதற்கு மேல் வேண்டாம். அவிக்கும்போதே வெடித்த முட்டையை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் அது ஏறக்குறைய 94 பாகைதான். கொழும்பில் 10 நிமிடத்தில் இறுகும் மஞ்சள் கருவுக்கு இங்கே இன்னும் 2, 3 நிமிடம் கொடுக்க வேண்டும். மஞ்சள் கரு இளகி நிற்கும் அரை அவியலைச் சேமிக்கவே கூடாது. நேரம் கூடிப்போனால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிறம், தீங்கில்லை.

ஊரே குளிர்தானே என்று ஃப்ரிட்ஜின் திருகியை 1இல் விடுவது இன்னொரு தவறு. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் அந்த எண் பாகை அல்ல. எண் கூடினால் குளிர் கூடும். நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கதவுத் தட்டு திறக்கத் திறக்கச் சூடாகும். அவித்த முட்டைக்கு உள்தட்டுத்தான் சரி.

மறுநாள் அவசரத்துக்கென்று இரவே உரித்து வைப்பவர்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உரியுங்கள். தோலிலும் மூக்கிலும் வாழும் ஒருவகைக் கிருமி முட்டையில் பெருகினால் விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் முட்டை வைத்தால், உறையவைத்த சின்னத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

முட்டைக் குழம்பைச் சட்டியோடு தூக்கி உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் எடுக்கும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். 3 நாளைக்குள் முடித்துவிடுங்கள், தேங்காய்ப்பால் விட்டது என்றால் இன்னும் முந்தியே. எடுத்ததைக் கொதிக்கும் வரை சூடாக்கி, மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். முழு முட்டையை ஃப்ரீசரில் போட்டால் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும்.

காற்று மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 4 மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் போனால் அவித்த முட்டையையும் குழம்பையும் மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். நோய் தரும் கிருமி எல்லாமே நாற்றம் காட்டுவதில்லை.