நெட்வொர்க்கிங் அடிப்படை: முதல் பிங்கிலிருந்து ஃபைபர் கணக்கு வரை வீட்டிலிருந்தே கற்க

நெட்வொர்க்கிங் படிக்கலாம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது, நெட்வொர்க்கின் வேலைகளை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அடுக்குகளின் படம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டிப்ளமோ, பி.இ. முடித்த பலர் அந்த ஏழு பெயர்களையும் வரிசை தப்பாமல் சொல்வார்கள். வீட்டில் நெட் நின்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டால் தயங்குவார்கள். அடுக்குகளைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவை எதை விளக்க வந்தவை என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படித்தால் ஒரே மாலையில் பிடிபடும். ஆகவே இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் ஒரு பாக்கெட்டின் (தரவின் சிறு பொட்டலம்) பின்னாலேயே போவோம். அது தொடும் ஒவ்வொரு இடத்திலும் நின்று அளந்து பார்ப்போம்.

4 ஜிபி ராம் உள்ள ஒரு மடிக்கணினி, வீட்டு இணைப்பு, ஒரு குறிப்பேடு போதும். பணம் கட்டி எதையும் வாங்க வேண்டாம்.

படி 1: உங்கள் முகவரியைப் பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வரும் விவரங்களில் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஐபிவி4 முகவரி (உங்கள் கணினியின் எண்), சப்நெட் மாஸ்க் (அந்த எண்ணில் நெட்வொர்க்குக்கான பகுதி எது என்று சொல்வது), டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது ரவுட்டர்). பெரும்பாலான வீடுகளில் 192.168.1.5, 255.255.255.0, 192.168.1.1 என்பதுபோல இருக்கும். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை எல்லாம் உள்வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் மோதல் வராது, இரண்டும் அந்தந்த ரவுட்டருக்கு உள்ளேயே நின்றுவிடும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். டிஹெச்சிபி என்ற சேவையைக் கேட்டுப் பார்த்து, பதில் வராததால் கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிள் தளர்ந்திருக்கலாம், ரவுட்டர் உறைந்திருக்கலாம். இந்த நிலையில் பிரவுசரை எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் பயனில்லை.

படி 2: நான்கு பிங், இந்த வரிசையிலேயே

பிங் (ping) என்பது ஒரு முகவரிக்குச் சிறு பாக்கெட்டை அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. முதலில் 127.0.0.1-க்கு பிங் கொடுங்கள். இது உங்கள் கணினியே. அடுத்து கேட்வேக்கு. மூன்றாவதாக 8.8.8.8-க்கு; இது இணையத்தில் உள்ள கூகுளின் சர்வர். கடைசியாக எண் இல்லாமல், கூகுள் போன்ற ஒரு தளத்தின் பெயருக்கு.

எந்த இடத்தில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. கேட்வே பதில் தராவிட்டால் சிக்கல் உங்கள் வீட்டுக்குள். கேட்வே பேசுகிறது, 8.8.8.8 பேசவில்லை என்றால் வெளிக்கம்பியிலோ சேவை நிறுவனத்திடமோ. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ஓர் எச்சரிக்கை: சில அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். அவற்றை வைத்துச் சோதித்தால் நன்றாக இருக்கும் இணைப்பையே பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். கேட்வே வரை வைஃபையில் சில மில்லிவினாடிகள் ஆகலாம். அங்கேயே 100-ஐத் தாண்டினால் கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை; வைஃபைதான் திணறுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ரவுட்டரில் அவற்றில் ஒன்றை நீங்களே தேர்ந்து வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

இதிலேயே தொலைத்தொடர்பின் முதல் கணக்கும் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கி.மீ.; போய்வர 1,400. அதற்கு 7 மில்லிவினாடி ஆகும். எவ்வளவு பணம் கட்டி எந்த பிளான் எடுத்தாலும் சென்னையில் உள்ள சர்வருக்கு இதைவிடக் குறைந்த பிங் வராது. உண்மையில் வருவது 15, 20 என்று கூடும். கம்பி நேர்கோட்டில் போவதில்லை, வழியில் உள்ள கருவிகளும் தம் பங்குக்கு நேரம் எடுக்கும்.

படி 3: வழியைப் பாருங்கள்

டிரேசர்ட் (tracert) என்ற கட்டளையோடு 8.8.8.8 என்று கொடுத்தால், பாக்கெட் கடக்கும் ரவுட்டர்கள் வரிசையாக வரும். நடுவில் வெறும் நட்சத்திரங்கள் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியில் பதில் வந்தால் வழி நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது வரியில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால் கவனியுங்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் முறையில் உங்கள் இணைப்பு இருக்கிறது. வீட்டு சிசிடிவியை வளைகுடாவிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கேள்வியை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பும் அமைப்பு) செய்து, எல்லாம் சரியாக இருந்தும் படம் வராமல் தவிக்கும் வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய. காரணம் பெரும்பாலும் இதுதான். ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் காட்டும் முகவரியும், ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் முகவரியும் வேறுவேறாக இருந்தால் உறுதி. நிலையான பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி வழியாகப் பார்க்க வேண்டும்.

படி 4: பாக்கெட் ட்ரேசரில் இரண்டு ஊர் கட்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பாக்கெட் ட்ரேசர் என்பது கருவிகள் எதுவும் வாங்காமல் கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, பாக்கெட் ட்ரேசர் அறிமுகப் பாடத்தில் சேர்ந்தால் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு 2911 ரவுட்டர், இரண்டு 2960 ஸ்விட்ச், நான்கு பிசி எடுத்து வையுங்கள். இடப்பக்க ஸ்விட்ச்சுக்கு நாகர்கோவில் என்றும் வலப்பக்கத்துக்கு மார்த்தாண்டம் என்றும் பெயரிடுங்கள். ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் இரண்டு பிசி. எல்லா இணைப்புக்கும் காப்பர் ஸ்ட்ரெயிட்-த்ரூ கேபிள். ரவுட்டரின் கிகாபிட் 0/0 நாகர்கோவிலுக்கு, 0/1 மார்த்தாண்டத்துக்கு.

ரவுட்டரைச் சொடுக்கி கான்ஃபிக் பக்கத்தில் 0/0-க்கு 192.168.10.1, 0/1-க்கு 192.168.20.1 கொடுங்கள். இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. நாகர்கோவில் பிசிகளுக்கு 192.168.10.11, 10.12; கேட்வே 192.168.10.1. மார்த்தாண்டம் பிசிகளுக்கு 192.168.20.11, 20.12; கேட்வே 192.168.20.1. இப்போது நாகர்கோவில் பிசியிலிருந்து 192.168.20.11-க்கு பிங் கொடுங்கள்.

புதியவர்கள் தடுக்கி நிற்கும் இடங்கள் இவை. ரவுட்டர் பக்கக் கம்பி சிவப்பாகவே இருக்கிறதா? சிஸ்கோ ரவுட்டரின் போர்ட்டுகள் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். போர்ட் ஸ்டேட்டஸில் ஆன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்விட்ச்சில் ஆரஞ்சு விளக்கா? 30 வினாடி பொறுங்கள்; கம்பிகள் வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவா என்று ஸ்விட்ச் சோதித்துவிட்டுத்தான் பச்சை காட்டும். முதல் பிங் மட்டும் தோற்று அடுத்தவை வருகின்றனவா? அது பழுதே இல்லை. எதிர்ப்பக்கத்தின் மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்) கேட்டு வாங்குவதற்குள் முதல் பாக்கெட் கைவிடப்பட்டது. பக்கத்துப் பிசி கிடைக்கிறது, அடுத்த ஊர் கிடைக்கவில்லை என்றால் கேட்வே எண்ணைச் சரிபாருங்கள், இரண்டு பக்கத்திலும். போகும் வழி சரியாக இருந்து திரும்பும் வழி இல்லாவிட்டாலும் பிங் தோற்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் எல்லாம் காணாமல் போனால், கான்ஃபிக் பக்கத்தில் என்விராம் சேவ் கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.

பதிலில் டிடிஎல் என்ற எண்ணைப் பாருங்கள். ஒரே ஊருக்குள் 128, அடுத்த ஊரிலிருந்து 127. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. பூஜ்யமானால் பாக்கெட்டைக் கைவிடுகிறது. வழி தவறிய பாக்கெட் முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு. டிரேசர்ட் வேலை செய்வதும் இதே எண்ணை வைத்துத்தான்.

இனி சிமுலேஷன் முறைக்கு மாறி, ஐசிஎம்பி (பிங் பயன்படுத்துவது), ஏஆர்பி (மேக் முகவரியைக் கேட்பது) இரண்டை மட்டும் வடிகட்டி வைத்து, பிங்கை ஒவ்வொரு அடியாக நகர்த்துங்கள். பாக்கெட்டைக் காட்டும் உறைப் படத்தைத் திறந்து ரவுட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள முகவரிகளை எழுதுங்கள். ஐபி முகவரிகள் இரண்டும் மாறாமல் இருக்கும்; மேக் முகவரிகள் இரண்டும் மாறியிருக்கும். நாகர்கோவில் வடசேரியில் பேருந்தில் ஏற்றிய பார்சல் மதுரையில் வேறு வண்டிக்கு மாறினாலும் மேலே எழுதிய சென்னை முகவரி மாறாததுபோல. இதைப் பார்த்துவிட்டு ஓஎஸ்ஐ படத்தைத் திறந்தால், இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது விளங்கும்.

படி 5: சப்நெட், ஒரே ஒரு எடுத்துக்காட்டில்

192.168.50.0 என்ற நெட்வொர்க்கை ஒரு பள்ளியின் நான்கு பிரிவுகளுக்குப் பிரிக்க வேண்டும். ஐபிவி4 முகவரி 32 பிட். /24 என்றால் முதல் 24 நெட்வொர்க்குக்கு; மீதி 8 பிட்டில் 256 முகவரி. இரண்டு பிட்டை இரவல் வாங்கினால் /26; நான்கு துண்டு, ஒவ்வொன்றிலும் 64. அவை 0–63, 64–127, 128–191, 192–255. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் நெட்வொர்க்கின் பெயர், கடைசி எண் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி. ஆகவே கருவிகளுக்கு 62 முகவரி. மாஸ்க் 255.255.255.192.

இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரே ஸ்விட்ச்சில் ஒரு பிசிக்கு 192.168.50.10, மாஸ்க் 255.255.255.0, இன்னொன்றுக்கு 192.168.50.70, மாஸ்க் 255.255.255.192. இரண்டுக்கும் கேட்வே வேண்டாம். முதல் பிசி, 70 தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து நேரே அனுப்பப் பார்க்கும். இரண்டாவதோ 10 வேறு நெட்வொர்க் என்று கேட்வேயைத் தேடும். அது இல்லாததால் பதில் திரும்பாது. அலுவலகங்களில் ‘ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் பிரிண்டர் கிடைக்கவில்லை’ என்ற புகாரின் பின்னால் தவறான மாஸ்க் இருப்பதுண்டு. தினம் ஐந்து கணக்கு, தாளில், கால்குலேட்டர் இல்லாமல் போடுங்கள். ஆன்லைன் சப்நெட் கால்குலேட்டரை விடையைச் சரிபார்க்க மட்டும் திறங்கள்.

படி 6: கம்பியும் ஒளியும்

பிட்டையும் பைட்டையும் குழப்பாதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோடு வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான். கிகாபிட் ஈதர்நெட்டுக்கு கேட் 5இ கேபிளின் நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற முனைகளில் வரும் இரண்டு ஜோடி போதும். ஆகவே 300 எம்பிபிஎஸ் பிளானில் சரியாக 95 அளவில் வேகம் நின்றால், கிரிம்பிங்கில், அதாவது கேபிள் முனையில் கிளிப்பைப் பொருத்திய இடத்தில், ஒரு கம்பி தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடித்தும் இப்படி ஆகும்.

நம்மூரில் எல்லாரும் மோடம் என்றே சொல்லும் ஃபைபர் பெட்டி உண்மையில் ஓஎன்டி. அதன் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் (PON) என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற எண் இருக்கும், டிபிஎம் அளவில். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 3 குறைந்தால் ஏறக்குறைய பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. மைனஸ் 27 என்பது 1 மில்லிவாட்டில் 500-ல் ஒரு பங்கு. பரவலாக உள்ள ஜிபான் (GPON) வகை ஃபைபர் பெட்டிகள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை படிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் பக்கக் கருவி பிளஸ் 3-ல் அனுப்புகிறது. 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சுமார் 17 டெசிபல் போகும். 10 கி.மீ. இழையில் 2.5. இணைப்புகளில் 1.5. வீட்டில் மைனஸ் 18 வர வேண்டும். மைனஸ் 26 வந்தால் எங்கோ 8 டெசிபல் தொலைகிறது: பெரும்பாலும் அழுக்கான கனெக்டர், அல்லது ஜன்னல் ஓரத்தில் ஒடித்து வளைத்த இழை. மழைநீர் இழைக்குள் போகும் ஒளியை மங்கச் செய்வதில்லை. மழையோடு வரும் காற்றில் ரப்பர், தென்னைக் கிளைகள் கம்பியை இழுப்பதும், வழியில் உள்ள கருவிக்கு மின்சாரம் போவதும்தான் நெட்டை நிறுத்துகின்றன. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்ததும் செல்போன் சேவையும் நம் மாவட்டத்தில் முடங்கியது. டவருக்கும் பேட்டரியும் டீசலும் தீரும் வரைதான் உயிர்.

வீட்டில் பெட்டிக்கு மினி யுபிஎஸ் வாங்கினால், அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் முனையின் பிளஸ்-மைனஸும் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். கழற்றிய ஃபைபர் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

படி 7: எதை, எந்த வரிசையில் படிப்பது

மேலே உள்ளவற்றைக் கையால் செய்த பிறகு, சிஸ்கோ அகாடமியின் நெட்வொர்க்கிங் பேசிக்ஸ் பாடத்தை முழுதாக முடியுங்கள். அதன்பின், போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவி, ஒரு தளத்தைத் திறக்கும்போது டிஎன்எஸ் கேள்வியையும், அடுத்து இணைப்பைத் தொடங்க வரும் சின் (SYN), சின்-ஆக் (SYN-ACK), ஆக் (ACK) என்ற மூன்றையும் கண்டுபிடியுங்கள். உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும். கல்லூரி, கடை வைஃபைகளில் அனுமதி இல்லாமல் பிடிக்க வேண்டாம்.

ஆழமாகப் போக, ஸ்வயம் தளத்தில் என்பிடெல் வழங்கும் ஐஐடி கரக்பூரின் ‘கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் அண்ட் இன்டர்நெட் புரோட்டோகால்’ பாடம் நன்று. சேருவது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கணக்கும் கோட்பாடும் கனமாக இருக்கும், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறோம். சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டுவதை, இரண்டு ஊர் லேபை எதையும் பார்க்காமல் பதினைந்து நிமிடத்தில் கட்டி, நண்பர் ஒருவர் மறைவாகச் செய்துவைத்த மூன்று பிழைகளையும் நான்கு பிங் வரிசையால் கண்டுபிடிக்கும் வரை தள்ளிவையுங்கள்.