ஃபோர்த் ரயில் பாலத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு மேற்கே, ஃபோர்த் கழிமுகத்தின் மேல் 1890-இல் திறக்கப்பட்ட பாலம் இது. செந்நிற எஃகில் 2,467 மீட்டர் நீளம்; 110 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்கள். படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் வானிலை பார்க்கிறார்கள், ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்ப்பதில்லை. முதல் தவறே அதுதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரோத நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 5 மீட்டர் வித்தியாசம் இருக்கும். வற்றத்தில், பாலத்தின் தென்கரை ஊரான சவுத் குவீன்ஸ்ஃபெரியின் படகுத்துறையில் சேறுதான் மிஞ்சும். பாலத்தின் பிம்பம் தண்ணீரில் விழ வேண்டுமானால், ஏற்றத்தின் உச்சத்துக்கு அரை மணி முன்பின்னாக, காற்று அடங்கிய வேளை வேண்டும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், கவனிக்காமல் திருப்பினால் பிம்பத்தையே அழித்துவிடும்.

நாளையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் இங்கே ஏற்றம் பிற்பகல் 3 மணி வாக்கில் வரும். டிசம்பரில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய 3.40-க்குத்தான் என்பதால் இரண்டும் கூடிவரும். ஜூனில் பொழுது சாய இரவு 10 ஆகிவிடும்; அதே பேரோத நாளில் அப்போது தண்ணீர் வற்றிக் கிடக்கும். கோடை அந்தியில் நிறைந்த நீர் வேண்டுமென்றால் அரைநிலா கழிந்த நாள்களைப் பாருங்கள். ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும், அங்கே அப்போது கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். இதை மறந்து போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம்.

பாலம் தெற்கு வடக்காக ஓடுகிறது, ஊர் அதற்கு மேற்கே. ஆகவே ஊரிலிருந்து பார்த்தால் காலையில் எதிர்வெயில். எஃகின் சிவப்பு துலங்குவது மாலையில்தான்.

கணினியில் கோணம் திருத்தும்போது நடக்கும் தவறு இன்னும் பெரிது. பாலத்தின் நீளவாட்டில் நின்று எடுத்தால் கோபுரங்கள் மேலே குறுகித் தெரியும். லென்ஸ் கோளாறு என்று நினைத்து நிமிர்த்திவிடுகிறார்கள். கட்டுமானமே அப்படித்தான்: அடியில் சுமார் 36 மீட்டர் அகலம், உச்சியில் 10 மீட்டர். காற்றைத் தாங்கக் கால் அகட்டி நிற்கும் அமைப்பு. அதை நேராக்கினால் பாலமே பொய்யாகிவிடும். பக்கவாட்டுப் படத்தில் மட்டும் தூண்களைச் செங்குத்தாக வைத்துக்கொள்ளலாம். கரையோர நீரின் விளிம்பை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். அது வளைந்து சாய்ந்திருக்கும்.

ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால் 1/60 வினாடி ஷட்டர் நேரம் 17 வினாடியாகிவிடும். தண்ணீர் வழவழவென்று ஆகி நீரோட்டம் மறைந்துபோகும், கடக்கும் ரயிலும் வெறும் கோடாகிவிடும். ஏற்றத்தின் நடுப்பகுதியில் கிரானைட் அடித்தளங்களைச் சுற்றி நீர் சுழித்தோடும். அதைப் பிடிக்க அரை வினாடி முதல் 2 வினாடி போதும். ரயில் தெளிவாக வேண்டுமென்றால் 1/250 வினாடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள்.

அந்த நடுநேரத்தில் நீர் நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் வரை உயரும். பாறையில் நிற்பவர் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் பாலத்தருகே உள்ள ஹாஸ் படகுத்துறைச் சரிவின் கீழ்ப்பகுதி பாசி படிந்து வழுக்கும். ட்ரைபாடை நீரில் ஊன்றுவதானால் காலின் அடிப் பகுதியை முதலில் நீட்டுங்கள். பூட்டுகள் உப்புநீருக்கு மேலே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கால்களை நீட்டியபடியே காயவையுங்கள்.