யெஸ்டி 350 ட்வினுக்கு இரட்டை கார்புரேட்டர்: மேனிஃபோல்டிலிருந்து டியூனிங் வரை

மைசூர் ஐடியல் ஜாவா விட்ட யெஸ்டி 350 ட்வினில் சிலிண்டர் இரண்டு, கார்புரேட்டர் ஒன்றுதான். இரண்டாகப் பிரியும் மேனிஃபோல்டு என்ற குழாய் வழியாக அது ஒன்றே இரண்டுக்கும் தீனி போடுகிறது. சிலிண்டருக்கு ஒன்று வைத்தால் வண்டி ரேஸுக்கு எழும்பும் விதமே மாறிவிடும். ஆனால் கிராங்க் சீல் (இன்ஜினுக்குள் காற்று கசியாமல் அடைப்பது), பாயின்ட் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) இரண்டும் சரியாக இல்லாத வண்டியில் இதில் கை வைக்காதீர்கள், பழைய கோளாறுக்குப் புது கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

யமஹா ஆர்டி350-இல் 28 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர் இரண்டு இருந்ததே என்று அதே அளவைத் தேடிப் போக வேண்டாம். ரோட்டில் ஓட்ட 24 மி.மீ. போதும், கீழ் வேகத்தில் இழுவை கெடாது. இரண்டும் ஒரே மாடல், ஒரே ஸ்லைடு (ஆக்சிலரேட்டர் இழுக்க மேலே ஏறும் அடைப்பு), ஒரே நீடில் (அதில் தொங்கும் ஊசி) என்பது முக்கியம். வாங்கும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, சிலிண்டரில் கலவை நுழையும் வாய்களான போர்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் உரசாமல் உட்காருமா என்று பாருங்கள்.

உண்மையான வேலை மேனிஃபோல்டில்தான். போர்ட் முகத்தில் அட்டையை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஓட்டையும் போல்ட் துளைகளும் அப்படியே பதியும், அதுதான் அச்சு. அதை வைத்து 8 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஃபிளாஞ்ச், அதாவது போர்ட்டில் போல்ட் போட்டு இறுக்கும் தட்டை, வெட்டி, ஒரே நீளத்துக்கு வெட்டிய இரண்டு குழாய்களை ஆர்கான் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளையாமல் இருக்காது. தடிமனான கண்ணாடி மேல் 220 உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, எட்டு போடுவது போலத் தேய்த்து, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்த பிறகு 400-க்குப் போங்கள். நடுவில் பளபளப்பாக ஒரு திட்டு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம், அந்த வழியாக ஏர் இழுக்கும், ஏர் இழுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சீஸ் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் இதற்கு மன்னிப்பே கிடையாது. உள்ளே வெல்டிங் பிசிறையும் கேஸ்கெட் விளிம்பையும் போர்ட்டோடு சமமாக அரத்தால் எடுத்துவிடுங்கள்.

கார்புரேட்டரை ரப்பர் ஸ்டப்பில் மாட்டினால் அதிர்வில் பெட்ரோல் நுரைக்காது. பெட்ரோலுக்கு டி ஜாயின்ட், ஏருக்கு ஆளுக்கொரு கோன் ஃபில்டர். நம் ஊர்ப் புழுதியில் கார்புரேட்டர் வாயைத் திறந்தபடி விடாதீர்கள்.

அப்புறம் கேபிள், ஒன்று இரண்டாகப் பிரிகிற வகை. இரண்டு ஸ்லைடுக்கு அடியிலும் ஒரே அளவு டிரில் பிட்டின் காம்பை வைத்து ஆக்சிலரேட்டரை மெல்லத் திருப்பினால் இரண்டு பிட்டும் ஒரே நொடியில் விழ வேண்டும், ஒன்று முந்தினால் அந்தக் கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள்.

டியூனிங் தொடங்க, ஏர் ஸ்க்ரூ முழுக்க மூடியதிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே, நீடில் கிளிப் நடுக்காடி, ஃபுல் ஆக்சிலரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் வேண்டுமென்றே ஒரு சைஸ் பெரிது. இன்ஜின் சூடானதும் ஒரு பக்கத்து பிளக்கைக் கழற்றி, பிளக் கேபிளிலேயே மாட்டி, இன்ஜினில் தொடும்படி வைத்துவிட்டு, மறு சிலிண்டர் மட்டும் தனியாக ஓடும் அளவுக்கு அதன் ஸ்லோ ஸ்க்ரூவை வையுங்கள். அதேபோல் அடுத்தது. மேனிஃபோல்டு ஓரமாகக் கார்ப் கிளீனரை மிகக் கொஞ்சமாக அடித்துப் பாருங்கள், ரேஸ் மாறினால் அங்கே ஏர் போகிறது. சூடான சைலன்சர் பக்கம் படாமல் கவனம்.

மெயின் ஜெட்டுக்கு ஆளில்லாத நேரான ரோட்டில் ஃபுல் ஆக்சிலரேட்டரில் போய், கிளட்சைப் பிடித்து அப்படியே இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காபி நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட், ஈரக் கறுப்பாக இருந்தால் ஒரு சைஸ் கீழே. இரண்டு பிளக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் முறை சூடேறி ஆறியதும் ஃபிளாஞ்ச் நட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு இறுக்கிவிடுங்கள்.