தோட்டத்தில் ஒரு கொலை, டிபிபி ஒருத்தி: முதல் குற்ற நாவலுக்கான செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றைக் களமாக வைத்து எழுதிய என் குற்ற நாவல் ஒருவழியாக முடிந்தது. கதைநாயகி ஒரு டிபிபி, அதாவது அரசு துணை வழக்கறிஞர். எழுதும்போது கைகொடுத்த முறையை முதல் நாவலில் இறங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கதை என்றால் என்ன, பாத்திரம் என்றால் என்ன என்றெல்லாம் ஆரம்பிக்கப்போவதில்லை.

படி 1: உண்மையில் நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். யார் கொன்றது, ஏன், எதைக் கொண்டு. எங்கள் ஊர் என்றதும் பலர் 1948 ஜூன் 16-க்குத் தாவுகிறார்கள்: வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மூவர் சுடப்பட்டதும், அதையொட்டி ஆங்கிலேய ஆட்சி அவசரகாலம் அறிவித்ததும். ஆரம்ப எழுத்தாளர் அதைத் தொட வேண்டாம். அந்தக் காலச் சட்டமும் வேறு, போலீஸும் வேறு.

படி 2: தடயத்தைத் தோட்டத்திலிருந்தே எடுங்கள். சிசிடிவி எல்லார் கதையிலும் இருக்கிறது. என் கதையில் இறந்தவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு தன் நிரையில், அதாவது மர வரிசையில், இறங்குகிறார். உளி பட்ட இடமெல்லாம் பட்டை ஈரமாக இருக்கிறது, கோப்பையில் பால் இறங்கியிருக்கிறது. ஒரு மரத்தோடு அது நின்றுவிடுகிறது. அடுத்த மரத்தில் முந்தைய வெட்டின் கோட்டுப்பால் (வெட்டுக் கோட்டில் உறைந்த பால்) காய்ந்து, உரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கை எந்த மரத்தில் நின்றது என்று தெரிந்தால், எத்தனை மணிக்கு நின்றது என்பதை மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, சொல்லிவிடுவார். அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். உங்கள் களம் செம்பனை (எண்ணெய்ப்பனை) என்றால் வெட்டிய குலையின் காம்பைக் கவனியுங்கள்.

படி 3: இதில் அவசரப்படாதீர்கள். குற்றவாளி போலீஸிடம் எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான், அதோடு வழக்கு முடிந்தது என்று எழுதுவது நம்மவர்களின் வழக்கம். மலேசியாவில் அது எடுபடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு 2007-இல் திருத்தப்பட்டது. விசாரணையின்போது சந்தேக நபர் போலீஸிடம் சொன்னதைப் பொதுவாக அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அவனுடைய தற்காப்புக்கு உதவுமானால் பயன்படுத்தலாம்!

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, காவலில் இருப்பவன் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் மன்றத்தில் சொல்லலாம். 'உளியை ஸ்டோருக்குப் பின்னால் கால்வாயில் போட்டேன்' என்கிறான். போலீஸ் போய் எடுக்கிறது. என் டிபிபி விசாரணைக் கோப்பைப் புரட்டும்போது ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறாள்: கால்வாயை முதலில் காட்டியது அவனா, அல்லது போலீஸ் ஏற்கெனவே அங்கே துழாவிக்கொண்டிருந்ததா? ஏற்கெனவே தெரிந்த இடமென்றால் அந்த வாசலும் சாத்திக்கொள்ளும். கொன்றவன் யார் என்று வாசகருக்குப் பத்தாம் பக்கத்திலேயே தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்ததை நிரூபிக்க முடியுமா என்ற தவிப்புதான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. ஆகவே, அவள் பயன்படுத்த முடியாத உண்மைகளை ஒரு பட்டியலாக எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நடைமுறையை அத்தியாயங்களாக வெட்டுங்கள். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கொலை வழக்கில் விசாரணைக்கான தடுப்புக் காவல் முதலில் அதிகபட்சம் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டு வாசிக்கப்படும், குற்றத்தை ஒப்புக்கொள்கிறானா மறுக்கிறானா என்ற பதில் அங்கே பதிவாகாது, பின்பு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஜூரி கிடையாது, 1995-லேயே ஒழிந்துவிட்டது. அரசுத் தரப்பு முடிந்ததும், முகாந்திரம் இல்லையென்று நீதிபதி கருதினால், குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறக்காமலேயே விடுதலையாகிவிடலாம். நடு நாவலின் உச்சத்தை அங்கே வையுங்கள். வழக்கைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற அதிகாரம், அரசியலமைப்பின் 145(3)-ஆவது பிரிவின்படி, சட்டத்துறைத் தலைவரிடம் (அட்டர்னி ஜெனரல்) இருக்கிறது. மேலிடத்து நெருக்கடி வேண்டுமென்றால் அதைக் கையாளுங்கள்.

நீதிமன்றம் திறந்த மன்றம்தான். ஒழுங்காக உடுத்திக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சினிமா வழக்கறிஞர்களின் கர்ஜனை அங்கே கேட்காது. பாதி நேரம் தாள் தேடுவதும் தேதி ஒத்திவைப்பதும்தான்.

படி 5: கருவிகள். நாவல் எழுதவென்றே விற்கும் மென்பொருள்கள் எனக்குப் பிடிக்கவில்லை, அலங்காரம் அதிகம். கட்டம் போட்ட பள்ளி நோட்டு ஒன்று, தட்டச்சுக்கு முரசு அஞ்சல், பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் தமிழ் எழுதும் செயலியான செல்லினம். சட்டப் பிரிவுகளை அரசாங்கத்தின் சட்டத் தளத்தில் நேராகப் படியுங்கள். யாரோ சுருக்கியதை நம்ப வேண்டாம்.

பிற்சேர்க்கை: 'கடைசியில் தூக்குத்தானே?' என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்தது, அக்கா. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலைக்கான தண்டனையைச் சொல்லும் தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவின் கீழ் நீதிபதி மரண தண்டனையும் விதிக்கலாம், 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் விதிக்கலாம்.

இன்னொன்று: லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம், அவர்களில் ஒருவரைச் சாட்சியாக வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தாராளமாக. விசாரணை தொடங்குவதற்குள் அவருடைய வேலை பெர்மிட் முடிந்து ஊருக்கு விமானம் ஏறிவிடும்படி எழுதுங்கள். உங்கள் டிபிபிக்குத் தலைவலி தானாக வந்து சேரும்.