ஆபீசுக்குக் காரில் போனால் இன்சூரன்ஸ் செல்லுமா?

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் காரில் போய்வரும் நண்பர் ஒருவர், "வேலைக்குப் போற வழியில அடிபட்டா கிளெய்ம் தருவாங்களா?" என்று கவலையோடு கேட்டார். தருவார்கள். சொந்த உபயோகக் கார் பாலிசியில் வேலைக்குப் போய்வருவதும் அடங்கும். நம் ஊரில் அதற்குத் தனி பிரீமியம் கிடையாது.

பாலிசித் தாளை எடுத்து, 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' (காரை எதற்கு ஓட்டலாம், எதற்குக் கூடாது என்ற வரம்பு) என்று பொடி எழுத்தில் இருக்கும் பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம் இவற்றுக்குச் செல்லாது என்று அதில் இருக்கும். சொந்தப் பையும் சாமான்களும் சரக்கில் சேராது.

கவனிக்க வேண்டியது கூட வருகிறவர்கள் விஷயத்தில்தான். வேலூர் கிரீன் சர்க்கிளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கினால், அது வாடகை ஓட்டம் என்று சொல்லி கிளெய்மை மறுக்க வழியுண்டு. காசு வேண்டாம், வாரம் ஒருவர் கார் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி (நம் காரால் வெளியாருக்கு நேரும் பாதிப்புக்கானது) மட்டும் இருந்தால் உங்கள் கார் சேதத்துக்கு ஒரு பைசா வராது. உள்ளே உட்கார்ந்து வருபவருக்கும் இழப்பீடு கிடைப்பது கஷ்டம். நம் கார் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி என்றால் அவர்களும் அடங்குவார்கள். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே தாளில் பாருங்கள். நம்மை நம்பித்தானே கூட வேலை செய்பவர்கள் ஏறுகிறார்கள். ரினியூவலுக்கு முன் ஏஜென்டிடம் இதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.